குறுக்குவிசையில் ஏறாத வரி

சென்ற மாதம் பிரேமா தொலைபேசியில் அழைத்தாள். தருமபுரியில் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தட்டச்சராக இருந்த வக்கீல் அலுவலகத்தில், இப்போது என் நாற்காலியில் அமர்ந்திருப்பவள் அவள். ஓய்வு பெற்ற அன்று, கணினியில் நான் சேர்த்து வைத்திருந்த குறுக்குவிசைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவளிடம் ஒப்படைத்திருந்தேன். இரண்டு விசைகளைத் தட்டினால் ஒரு முழு வாக்கியமோ பத்தியோ திரையில் விரியும் ஏற்பாடு அது. வழக்காடுவோரின் முகவரி முதல் வேண்டுதல் பத்தி வரை, அலுவலகத்தில் அடிக்கடி வரும் வாசகம் அனைத்தும் அந்த நோட்டில் இருந்தன, ஒன்றைத் தவிர.

"மேடம், ஒண்ணு விட்டுப்போச்சுங்க. கைநாட்டு வெக்கறவங்களுக்குக் கடைசியா ஒரு வரி வரும் பாருங்க, படிச்சுக் காட்டினோம்னு. தெனம் நாலு வாட்டி முழுசா அடிக்கறேன். அதுக்கு நானே ஒரு ஷார்ட்கட் போட்டுக்கட்டுங்களா?"

விட்டுப்போகவில்லை என்றேன்.

"அப்புறம் ஏங்க மேடம் வெக்கல?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய காரணம் அன்று. எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். "ஒரு வரிக்கா?" என்று சிரித்தாள். ஒரு வரிக்குத்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்து, முதுகலையை அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத் தட்டச்சில் மேல்நிலை தேறியிருந்தேன். இண்டூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, மாலைப் பேருந்தில் திரும்புவேன். பாடநூலைப் பேருந்தில்தான் படிப்பேன். பேச்சு எனக்கு அப்போது எளிதாக வராது. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்வேன். குமாஸ்தா கோவிந்தன் அதை வருகிற கட்சிக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்: "நம்ம ஆபீஸ்ல இந்தப் புள்ளய விட மெஷின் ஜாஸ்தி பேசுங்க."

வக்கீல் அமீர்ஜானின் தந்தை கடைவீதியில் தகரப் பட்டறை வைத்திருந்தவர். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்சிக்காரர் பேசும்போது கண்களை மூடிக்கொள்வார். புதிதாக வருபவர்கள் அவர் உறங்கிவிட்டதாக எண்ணிப் பேச்சை நிறுத்துவார்கள். "நிறுத்தாதீங்க, வரப்புல கல்லு நட்டாங்கன்னீங்க, எந்த வரப்பு?" என்பார், கண் திறவாமலே.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவர் பிரமாணப் பத்திரத்தில் கைரேகை வைக்கும்போது, அதன் இறுதியில் ஒரு வரி சேர்க்கப்படும்: மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் இவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, அவற்றைச் சரியென ஒப்புக்கொண்டு இவர் தமது இடதுகைப் பெருவிரல் ரேகையை என் முன்னிலையில் பதித்தார். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த வரியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கீழே வக்கீலின் கையெழுத்து. பிற அலுவலகங்களில் இது மற்ற வரிகளோடு சேர்ந்து தட்டச்சாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் அப்படியில்லை. நான் மற்றவை அனைத்தையும் அடித்துவிட்டு, தாளை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சார் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கட்சிக்காரருக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, கார்பன் பிரதியைக் கையில் வைத்தபடி அந்த ஆங்கிலத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். முடிந்ததும் பிரதியைக் கவிழ்த்துவிடுவார். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, இதுல என்ன எழுதியிருக்கு?" என்பார். அவர்கள் சொல்ல வேண்டும். எத்தனையோ முறை, சொல்லும்போதுதான் தவறு வெளிப்படும்: மருமகன் பெயர் மாறியிருக்கும்; மேற்கு கிழக்காகியிருக்கும். பிழை பார்ப்பதற்கென்று எங்களிடம் தனியாக ஒரு வேளை இருந்ததில்லை. அந்த வாசிப்புதான் பிழை பார்ப்பது. எல்லாம் சரியென்றானதும், சார் விரல் மடக்கி மேசையில் இருமுறை தட்டுவார். அதன் பிறகுதான் நான் அந்த வரியை அடிப்பேன்.

சில நாள்களில் அவர் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டால், கோவிந்தன் அதே முக்காலியில் அமர்ந்து வாசிப்பார். அவரும் இருமுறை தட்டத் தவறமாட்டார். தட்டும்போது அவர் முகத்தில் ஒரு நீதிபதியின் களை வந்துவிடும்.

எண்பதுகளின் இறுதியில், பெங்களூரில் இருந்த உறவினர் ஒருவர் மூலம் சார் ஒரு கணினி வாங்கினார். பச்சை எழுத்துத் திரை. நாற்றுநடவுக்குப் போகும் கூட்டம்போல் சத்தமிடும் அச்சுப்பொறி. உள்ளறையில் வைத்திருந்தோம்; செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆயுத பூசையன்று கோவிந்தன் திரையின் நடுவில் குங்குமம் வைக்கப் போக, "நடுவுல வேணாம் கோவிந்தன், அந்தப் பொண்ணு எழுத்தப் பாக்கணும், மேல வெச்சுக்கங்க" என்றார் சார். பொட்டு மேற்சட்டத்தில் பல ஆண்டுகள் இருந்தது.

கணினியைப் பொருத்த வந்தவர் அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மீதியை உடன் வந்த தடித்த கையேட்டிலிருந்து நானே படித்துக்கொண்டேன். அதில்தான் குறுக்குவிசையைக் கண்டேன். ஒரு விசையை அழுத்தி, அடுத்து ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்தில் நாம் வைத்திருக்கும் வாசகம் முழுவதும் வந்து விழும். இருபத்தாறு எழுத்துகள், பத்து எண்கள்: முப்பத்தாறு இடங்கள். பகலில் பிரமாணப் பத்திரமும் பேருந்தில் இலக்கணமும் படித்துக்கொண்டிருந்தவளுக்கு, சூத்திரம் ஒன்று தானே உரையாக விரிவதைப் பார்ப்பது எத்தகைய மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை. எந்த வாசகத்திற்கு எந்த எழுத்து என்பதை ஒரு தாளில் எழுதி, அடித்து, மாற்றி எழுதி, இரண்டு வாரம் அதிலேயே இருந்தேன். W விசையில், கணவரை இழந்த பெண்கள் தரும் பத்திரங்களின் இரண்டாம் பத்தி. கணவர் இறந்த பின் குடும்ப வீட்டிலேயே, கணவரின் உடன்பிறந்தோர் பராமரிப்பில், ஒரே குடும்பமாக வசித்து வருகிறேன் என்பது அதன் சாரம். வாரிசுச் சான்று கேட்டு வந்த அத்தனை பெண்களுக்கும் அது பொருந்தியிருந்தது. E விசையில் முடிவுப் பகுதி: இடம், நாள், கையெழுத்துக்கான கோடு.

முதலில் அந்த இறுதி வரியை நான் E-யில் சேர்க்கவில்லை. சாரின் இரண்டு தட்டலுக்குப் பிறகு தனியாக அடித்தேன். ஆனால் அதற்காக அச்சிட்ட தாளை மறுபடி பொறியில் ஏற்றி, கோடு கோணாமல் பொருத்த வேண்டியிருந்தது. ஒரு நாள் தாள் சற்றுச் சாய்ந்து, வரி ஏறிக்கொண்டே போய்விட்டது. அன்று மாலை அதை E-யின் கடைசியில் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னம்மா வந்தது அதற்கு அடுத்த வாரம்.

பென்னாகரத்திற்கு மேற்கே, கன்னடம் பேசும் வீடுகள் கலந்த ஊர் அவருடையது. ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடும்பக் கிணற்றில் அவருக்குப் பத்து நாளுக்கு மூன்று நாள் தண்ணீர் முறை உண்டு. அதை நம்பி அரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். பூ விட்டிருந்த சமயம், கணவரின் தம்பி மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வழக்கு முடியும்வரை முறையைத் தடுக்கக் கூடாது என்று ஓர் இடைக்கால உத்தரவு வேண்டும். அதுவும் செடி நிற்கும்போதே வேண்டும். முதல் நாள் மாலை சார் கண்களை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக் குறிப்பெடுத்து வைத்தார்.

மறுநாள் காலை அந்தக் குறிப்பு என் மேசையில் இருந்தது. முதல் சொல், விதவை. கண் அதைக் கண்டதும் விரல் W-வைத் தட்டிவிட்டது. இரண்டாம் பத்தி முழுமையாக வந்து நின்றது. குறிப்பின் அடுத்த வரி, கிணற்றோரம் தனிக் கொட்டகை என்றது. வசிப்பிடப் பத்தி முடிந்துவிட்டது என்ற நினைப்பில், நான் கிணற்றைப் பற்றிய விவரங்களுக்குப் போனேன். உள்ளறை வாசலில் காத்திருந்த சென்னம்மா திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் E. அச்சிட்டு எடுத்தபோது மணி பன்னிரண்டு.

சார் காலையிலேயே நீதிமன்றம் போயிருந்தார். கோவிந்தன் தாளை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அந்த வரி அங்கே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் வாசிப்புக்கு முன் அந்த வரி வந்ததே இல்லை. ஆகவே முந்தைய மாலை குறிப்பெடுத்தபோதே சார் எல்லாவற்றையும் சொல்லிக் காட்டிவிட்டார் என்று அவர் முடிவு செய்தார். "வாங்கம்மா சென்னம்மா, வெரல நீட்டுங்க" என்று வெளி அறைக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் வாசிக்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். உணவு இடைவேளையில் ஓடி வந்த சார், கடைசிப் பக்கத்தில் வரியையும் ரேகையையும் பார்த்தார். கோவிந்தன் வாசித்திருக்கிறார் என்று எண்ணிக் கையெழுத்திட்டார். மூவரில் ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும். அதிகம் கடமைப்பட்டவள் நான். வெளி அறையிலிருந்து வாசிக்கும் குரல் வரவில்லை என்பது எனக்குக் கேட்டது. எழுந்து போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. பெரியவர்களின் வேலையில் குறுக்கே பேசுவதா என்று இருந்துவிட்டேன்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கோவிந்தன் ஊரில் இல்லாததால், வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு நான் சாருடன் போனேன். கதவருகே நின்றிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டாம் பத்தியை மட்டும் வாசித்தார். இந்த அம்மாவே சொல்கிறார், மைத்துனர் பராமரிப்பில் ஒரே குடும்பமாக இருக்கிறாராம். பொங்கிப் போடுகிற வீட்டில் தனி முறை எதற்கு, தனிப் பயிர் எதற்கு என்றார். சாரின் முகத்தில் அந்தப் பத்தியை முதன்முறையாகக் கேட்கும் பார்வை இருந்தது. நீதிபதி சென்னம்மாவை முன்னால் அழைத்தார்.

"நீங்க குடும்ப வீட்லதானே இருக்கறீங்க?"

"இல்லீங்க சாமி. கெணத்தோரம் கொட்டாயில கெடக்கறேன். ரெண்டு வருசமாச்சு."

"அப்ப இதுல ரேகை வெச்சது யாரு?" என்று குறுக்கிட்டார் எதிர் வக்கீல்.

"நான்தானுங்க."

"உங்களுக்குப் படிச்சுக் காட்டினதா உங்க வக்கீல் கையெழுத்துப் போட்டிருக்காரு. படிச்சாங்களா, இல்லியா?"

சென்னம்மா சாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். படித்தார்கள் என்றால் தண்ணீர் போகும். படிக்கவில்லை என்றால், தனக்காக நிற்கும் ஒரே மனிதரைப் பொய்யராக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் அது தெரிந்திருந்தது.

சார் எழுந்தார். "அந்தம்மா பதில் சொல்ல வேண்டியதில்லைங்க ஐயா. படிச்சுக் காட்டல. காட்டினதா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தப்பு என்னோடது. பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டு வேற தாக்கல் பண்ண அனுமதி கேக்கறேன்."

நீதிபதி பத்திரத்தை மூடி வைத்தார். பிறகு, உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பத்து நாள் தள்ளி வைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அலுவலகத்திற்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைக்கு வந்தார்.

"அந்த வரி எப்பம்மா அடிச்ச?"

"ரேகை வெக்கறதுக்கு முன்னாடிங்க சார்."

"படிக்கறதுக்கு முன்னாடியேவா?"

"நான் அடிக்கலீங்க. தானா வந்துடுதுங்க."

காட்டச் சொன்னார். விசையை அழுத்தி E-யைத் தட்டினேன். இடம், நாள், கோடு, வரி எல்லாம் பச்சை எழுத்தில் ஓடி வந்து நின்றன. அழித்துவிட்டு இன்னொரு முறை காட்டச் சொன்னார். இரண்டாம் முறையும் கவனமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "நான் ரெண்டு தட்டு தட்டுவேன்ல, அது உனக்குன்னு நெனச்சுக்கிட்டியா?"

"ஆமாங்க சார்."

"உனக்கில்லம்மா. எனக்கு."

அவ்வளவுதான். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வழக்கம்போல் ஒரு குறிப்பு என் மேசையில் இருந்தது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கழித்துச் சென்னம்மாவுக்கு உத்தரவு கிடைத்தது. அன்று மாலையே மோட்டார் அறைப் பூட்டுத் திறந்தது. ஆனால் அந்தப் பத்து நாளில், அவர் பக்கத்துக் காட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றியும், பாதிக்கு மேல் செடி காய்ந்துவிட்டது. மீதியில் பறித்த முதல் பழங்களை ஒரு துணியில் கட்டி அலுவலகத்திற்குக் கொண்டுவந்தார். கோவிந்தன் வாங்கிக்கொண்டார். என்னால் அதைத் தொட முடியவில்லை.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கு முந்தைய ஒரு காலையை. இரண்டாம் பத்திரம் அடித்த நாளை.

அதற்கு முதல் நாள் மாலையே E-யிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். பத்திரம் முழுவதையும் எந்த விசையும் இல்லாமல், எழுத்தெழுத்தாக அடித்தேன். சென்னம்மா உள்ளறைக்கே அழைத்து வரப்பட்டார். "செருப்பே இல்லியே, எதக் கழட்டறது?" என்று கோவிந்தனிடம் கேட்டுவிட்டு வந்து அமர்ந்தார். சார் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு முக்காலியில் அமர்ந்தார். தமிழில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "உங்களுக்குக் கன்னடத்துல சொன்னாத் தோதா இருக்குமா?" என்றார்.

"தமிழும் வெளங்கும் சாமி. கோர்ட்டுத் தமிழ்தான் பாதி வெளங்காது."

சாருக்குக் கடைவீதிக் கன்னடம் தெரியும். தகரக் குடம் விலை பேசுகிற அளவுக்கு. அதை வைத்துக்கொண்டு கிணற்று வழக்கைச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் வாக்கியத்தில் சென்னம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஐந்தாம் வாக்கியத்தில் சிரித்தேவிட்டார். "நம்மூரு மாடு மேய்க்கற பசங்க இத விட நல்லாப் பேசுவாங்க" என்றார். சாரும் சிரித்தார். கோவிந்தன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். வாக்கியத்திற்கு வாக்கியம் அவர் திருத்த, இவர் திருத்திச் சொல்ல, அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

சென்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். கொட்டகை, மூன்று நாள் முறை, பூட்டு, தக்காளி எல்லாம் சொன்னார். கடைசியில் தயங்கினார்.

"ஒண்ணு மட்டும் தப்பா இருக்குங்க. கெணத்துப் படி படகலுன்னு சொன்னீங்க. படகலு இல்ல சாமி, மூடலு. நான் தெனம் எறங்கற படி."

வடக்கு அன்று, கிழக்கு. குறிப்பிலேயே அந்தத் தவறு இருந்தது; சாரின் கையெழுத்தில். அவர் அதைத் தாமே பேனாவால் அடித்துத் திருத்திவிட்டு, என்னிடம் நீட்டினார். நான் திரையில் மாற்றினேன். அவர் திரையில் அந்தத் திருத்தத்தைச் சரிபார்த்தார். பின்பு விரல் மடக்கி, மேசையில் இருமுறை தட்டினார்.

நான் அந்த வரியை அடிக்கத் தொடங்கினேன். தமிழில் என்று வழக்கமாக வரும் இடத்தில் கன்னடத்தில் என்று அடித்தேன். சென்னம்மா எழுந்து என் தோளருகே வந்து நின்றுகொண்டார். பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சடசடன்னு ஓடுச்சே பாப்பா. இன்னிக்கு ஏன் இப்படி நொண்டுது?"

"இந்த வரிய மட்டும் கையாலதாங்க அடிக்கணும்."

"அதுல அப்படி என்ன எழுதற?"

எனக்குப் பேச்சு எளிதாக வராது என்று முன்பே சொன்னேன். அன்று வந்தது.

"உங்களுக்குப் படிச்சுக் காட்டினோம்னு எழுதறேங்க."

அவர் திரையைப் பார்த்தார். திரும்பி, முக்காலியில் அமர்ந்திருந்த சாரைப் பார்த்தார்.

"அப்ப எழுது பாப்பா. படிச்சாரு."